பழக்குதலும் பழகுதலும்: ஆட்டிசம், பயிற்சி, அதிகாரம்

1

‘பழகு’ என்ற தன்வினைக்கும் ‘பழக்கு’ என்ற பிறவினைக்கும் இடையே ஒரு ககர ஒற்றுத்தான் வித்தியாசம். மாட்டை ஏருக்குப் பழக்குகிறோம். யானையைப் பழக்குகிறோம். மனிதர்களோடு பழகுகிறோம். பழக்குவதில் ஒருவர் மாறாமல் நிற்கிறார். மற்றது அவருக்கேற்ப மாறுகிறது. பழகுவதில் இரண்டு பேருமே கொஞ்சம் கொஞ்சம் மாறியாக வேண்டும். யார் யாருக்காக எவ்வளவு மாறினார்கள் என்று கணக்குப் போட முடியாது. ஆட்டிசம் உள்ள குழந்தையைப் பற்றி வீடுகளில் முதலில் எழுகிற புகார் இந்தத் தன்வினையில்தான் வருகிறது: ‘பையன் யாரோடயும் பழகமாட்டேங்கிறான்.’ இதற்கு நிபுணர்கள் நெடுங்காலமாகத் தந்துவரும் பதிலோ பிறவினையில் இருக்கிறது: கவலைப்படாதீர்கள், பழக்கிவிடலாம்.

சமீப ஆண்டுகளில் வேறொரு பேச்சு எழுந்துள்ளது. குழந்தையைப் பழக்கியது போதும், அதைச் சுற்றியிருக்கிற மருத்துவர், செவிலியர், ஆசிரியர், போலீஸ்காரர், பராமரிப்பவர் இவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்கிறார்கள். இங்கிலாந்தில் 2022இல் இது சட்டமாகவே வந்துவிட்டது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. பயிற்சி என்பதை யார்தான் வேண்டாம் என்பார்கள்? எல்லோரும் ஒப்புக்கொள்கிற ஒரு சொல்லைத்தான் நாம் கொஞ்சம் சந்தேகத்தோடு வாசிக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பேச்சு பழக்குதலிலிருந்து பழகுதலுக்கு நகர்கிறதா, இல்லை பழைய அதிகாரமே புதுச் சான்றிதழை மாட்டிக்கொண்டு வருகிறதா என்பதே என் கேள்வி.

2

இங்கிலாந்துச் சட்டத்தின் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. ஆலிவர் மக்கோவன் என்ற இளைஞருக்கு வயது 18. சிசுவாக இருந்தபோது வந்த மூளைக்காய்ச்சலின் விளைவாக லேசான பெருமூளை வாதமும் வலிப்பும் லேசான கற்றல் குறைபாடும் இருந்தன. ஆட்டிசமும் உண்டு. 2016இல் வலிப்புக்காகப் பிரிஸ்டல் நகரில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வலிப்பின்போது அவர் பதற்றமடைவார். அந்தப் பதற்றத்தை அடக்க, மனச்சிதைவு நோய்க்குத் தருகிற வகையைச் சேர்ந்த ஓலான்சபின் என்ற மருந்து கொடுக்கப்பட்டது. அந்த நோய் அவருக்கு இல்லை. இவ்வகை மருந்துகள் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவரே சொல்லியிருந்தார். பெற்றோரும் சொன்னார்கள். அவரோடு வந்த மருத்துவக் குறிப்பேட்டிலும் எழுதியிருந்தது. மருந்து கொடுக்கப்பட்டது. கடுமையான எதிர்விளைவு ஏற்பட்டு மூளை வீங்கி, 2016 நவம்பர் 11 அன்று அவர் இறந்தார். 2018இல் நடந்த மரண விசாரணை, மருந்து கொடுத்தது முறையானதே என்றது. தாய் பாலா மக்கோவன் விடாமல் போராடினார். 2020இல் வெளிவந்த சுதந்திரமான மறு ஆய்வு, இந்த மரணம் தவிர்க்கப்பட்டிருக்கக் கூடியது என்ற முடிவுக்கு வந்தது.

தாயின் இயக்கத்தால் வந்தது கட்டாயப் பயிற்சி. 2022ஆம் ஆண்டு உடல்நல, பராமரிப்புச் சட்டத்தின்படி, அங்கே பதிவுபெற்ற மருத்துவ, பராமரிப்பு நிறுவனம் ஒவ்வொன்றும் தன் ஊழியர்களுக்கு ஆட்டிசம், கற்றல் குறைபாடு பற்றி அவரவர் வேலைக்கேற்ற பயிற்சி கிடைக்கச் செய்ய வேண்டும். அரசு முன்வைக்கிற பயிற்சி ஆலிவரின் பெயரையே தாங்கியுள்ளது. அதில் இரண்டு படிகள். இரண்டுக்கும் கணினி வழியான ஒன்றரை மணிநேரப் பாடம் பொது. முதல் படியில் அதற்குமேல் ஒரு மணிநேர நேரடி உரையாடல். நோயாளிகளோடு நெருங்கி வேலை செய்பவர்களுக்கான இரண்டாம் படியில் ஒரு முழுநாள் வகுப்பு. இந்த வகுப்பை நடத்துபவர்களில் ஆட்டிசம் உள்ள ஒருவரும் கற்றல் குறைபாடு உள்ள ஒருவரும் இருக்க வேண்டும். அவர்கள் உதாரணம் காட்டுவதற்காக உட்கார்த்திவைக்கப்படுகிறவர்கள் அல்லர். பயிற்றுநர்கள்.

ஆலிவரின் மரணத்தை ஒரு பிரதியாக வாசித்தால் ஒன்று தெரிகிறது. அங்கே தகவல் பற்றாக்குறை இல்லை. தகவல் மூன்று இடங்களில் இருந்தது: நோயாளியின் வாயில், தாய் தகப்பனின் வாயில், காகிதத்தில். மூன்றுமே மருத்துவரின் ஊகத்திற்கு முன்னால் செல்லாக்காசாயின. ஆங்கிலத் தத்துவவாதி மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் எழுதிய நூலில் இந்த நிலையை ஒருவகை அநீதி என்றே வரையறுத்தார். சொல்பவர் யார் என்பதைக் கொண்டு சொல்லின் நம்பகத்தன்மையைக் குறைத்துவிடுவது. சாட்சியத்திற்கு இழைக்கப்படுகிற அநீதி என்று இதைச் சொல்லலாம். சாதியையும் பால்பாகுபாட்டையும் அறிந்த நமக்கு இது புதிதில்லை. சேரிக்காரன் சாட்சியும் பெண்ணின் வாக்குமூலமும் எப்படி எடுத்துக்கொள்ளப்படுகின்றன என்று நமக்குத் தெரியும். ஆகவே ‘ஆட்டிசம் பற்றித் தெரியாததால் நேர்ந்தது, தெரியவைத்துவிட்டால் தீர்ந்தது’ என்ற எளிய சமன்பாடு இங்கே செல்லாது. யாருடைய அறிவு அறிவாக எண்ணப்படுகிறது என்பதுதான் விஷயம்.

3

நிபுணர்களின் அறிவு எப்படி உருவாயிற்று என்று பார்ப்போம். 1943இல் பால்டிமோரில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து இந்த வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதினார். ஆஸ்பெர்கர் நாஜிகளிடமிருந்து குழந்தைகளைக் காத்தவர் என்றொரு கதை வெகுகாலம் உலவியது. 2018இல் ஹெர்விக் செக் என்ற வரலாற்றாசிரியர் ஆவணக் காப்பகங்களிலிருந்து எடுத்துக்காட்டியது வேறு: ஏறத்தாழ 800 குழந்தைகள் கொல்லப்பட்ட ஸ்பீகல்குருண்ட் நிறுவனத்திற்குக் குழந்தைகளை அனுப்பிய கைகளில் அவர் கையும் இருந்தது. பயன்படுவார், பயன்படமாட்டார் என்று பிரிக்கிற கோடு இந்தத் துறையின் பிறப்பிலேயே விழுந்துவிட்டது.

அடுத்து வந்தவர் புரூனோ பெட்டல்ஹைம். நாஜி முகாம்களிலிருந்து மீண்டவர். ஆட்டிசக் குழந்தை முகாம் கைதியைப் போலத் தன்னை மூடிக்கொள்கிறது என்றார். அப்படியானால் முகாமின் காவலர் யார்? தாய்! 1967இல் வந்த அவர் நூல் இந்தக் குற்றச்சாட்டைப் பெரும் புகழோடு நிலைநாட்டியது. தாயின் அன்பின்மையே காரணம் என்ற இந்தப் பொய்யை, ஆட்டிசம் உள்ள மகனின் தகப்பனும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964இலேயே மறுத்து எழுதியிருந்தார். பெற்றோர் இயக்கம் அதிலிருந்து எழுந்தது. தாய் விடுதலை அடைந்தாள் என்று நினைப்போம். கதை அப்படிப் போகவில்லை.

குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிய தாயைக் கூலியில்லாத பயிற்றுநராக அமர்த்திக்கொண்டது அடுத்த கட்டம். கலிபோர்னியாவில் ஐவார் லோவாஸ் நடத்தைச் சிகிச்சையை உருவாக்கினார். செயலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைப்பது, சரியாகச் செய்தால் வெகுமதி, தவறினால் தண்டனை. 1960களில் அதட்டலும் அறையும் மின் அதிர்ச்சியும்கூட இருந்தன. 1987இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணிநேரம், இரண்டு ஆண்டுகளுக்குமேல் பயிற்சி. அவர்களில் 9 பேர் மற்றக் குழந்தைகளைப் போலவே ஆகிவிட்டார்கள் என்றார். இந்த 47 விழுக்காடு உலகம் முழுக்கப் பெற்றோர்களின் கனவாயிற்று. பெற்றோரும் வீட்டில் பயிற்சியைத் தொடரப் பழக்கப்பட்டார்கள். வாரம் 40 மணிநேரம் என்பது ஒரு ஆலைத் தொழிலாளியின் வேலை நேரம். மூன்று வயதுக் குழந்தைக்கு!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே லோவாஸ் 1974இல் ஜார்ஜ் ரேக்கர்ஸோடு சேர்ந்து, பெண்களைப் போல நடந்துகொள்கிற சிறுவனை ‘ஆணாக’ மாற்றும் பரிசோதனை பற்றிக் கட்டுரை எழுதினார். ஒரே தொழில்நுட்பம், இரண்டு ‘கோளாறுகள்’. கையை உதறுவதும் இடுப்பை ஒசித்து நடப்பதும் ஒரே கத்தரிக்கோலால் கத்தரிக்கப்பட்டன. ஃபூக்கோ பள்ளியையும் படைமுகாமையும் வைத்து, பணிகிற உடல்கள் எப்படித் தயாரிக்கப்படுகின்றன என்று எழுதினார். அதற்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் கிடைக்காது. நடத்தைச் சிகிச்சைக்காரர்கள் இன்று அடியை விட்டுவிட்டோம், விளையாட்டுமூலம் கற்பிக்கிறோம் என்கிறார்கள். பெரும்பாலோர் விட்டும்விட்டார்கள். மறுக்கவில்லை. நோக்கம் மாறியதா என்பதே கேள்வி. கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாமல் வை என்பது யாருடைய நிம்மதிக்காக?

4

அறிவுத்துறை தந்த இன்னொரு பிரதியை வாசிப்போம். இது ஒரு கதை, சிறுகதை என்றே சொல்லலாம். சாலி என்ற பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் என்ற பொம்மை அதை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறாள். சாலி திரும்பி வந்தால் குண்டை எங்கே தேடுவாள்? கூடையில் என்பது ‘சரியான’ விடை. சாலியின் மனத்தில் இருக்கிற தவறான நம்பிக்கையைக் கேட்பவர் புரிந்துகொண்டார் என்று பொருள். 1985இல் லண்டனில் சைமன் பாரன்-கோஹென், ஆலன் லெஸ்லி, உடா ஃப்ரித் ஆகியோர் 20 ஆட்டிசக் குழந்தைகளிடம் இதைக் கேட்டார்கள். 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். பிறர் மனத்தை ஊகிக்கிற திறன் இவர்களுக்கு இல்லை என்ற முடிவு இதிலிருந்து பிறந்தது. பாரன்-கோஹென் 1995இல் எழுதிய நூல் இதை மனக்குருடு என்றே சொல்லிவிட்டது.

ஒரு விமர்சகனுக்கு இந்தக் கதையில் சில கேள்விகள் வரும். நான்கு பேர் சரியாகச் சொன்னார்களே, அவர்கள் கோட்பாட்டிலிருந்து எங்கே போனார்கள்? கேள்வியே மொழியால் ஆனது. மொழி தாமதமாக வந்த குழந்தை மனத்தை அறியாததால் தவறியதா, கேள்வியின் வளைவில் தவறியதா? 1995இல் பீட்டர்சன், சீகல் என்ற இரு ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியாவில் காதுகேளாத குழந்தைகளிடம் இதேபோன்ற சோதனையை நடத்தினார்கள். காதுகேட்கும் பெற்றோருக்குப் பிறந்து, வீட்டில் சைகைமொழி இல்லாமல் வளர்ந்த குழந்தைகளில் பெரும்பாலோர் தவறினார்கள். பிறந்ததிலிருந்து சைகைமொழி பேசுகிற வீட்டில் வளர்ந்த குழந்தைகளுக்கு இந்தத் தடங்கல் இல்லை என்பதும் பின்னர் தெரியவந்தது. அதாவது சோதனை அளந்ததில் ஒரு பங்கு, குழந்தையோடு எத்தனை பேர் அதன் மொழியில் பேசினார்கள் என்பதை! குறை தலைக்குள்ளேயா, உறவிலா?

எல்லாவற்றிற்கும் மேலாக, இக்கதையில் ஒரு கேள்வி கேட்கப்படவே இல்லை. கேள்வி கேட்கிறவருக்குக் குழந்தையின் மனம் தெரிந்ததா? அவருக்கு அந்தச் சோதனை வைக்கப்படவில்லை. கதைசொல்லி எப்போதும் எல்லாம் அறிந்தவர். நாவலில் இப்படி ஒரு கதைசொல்லி வந்தால் நாம் விடுவோமா?

5

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களே. 1993இல் ஜிம் சின்க்ளேர் என்பவர் பெற்றோர்களை நோக்கிப் பேசிய உரை இந்த இயக்கத்தின் தொடக்கப் பிரதிகளில் ஒன்று. எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள், நீங்கள் எதிர்பார்த்து வராமல்போன குழந்தைக்கான துக்கம் அது, வந்திருக்கிற குழந்தையைப் பாருங்கள் என்பது அதன் சாரம். தமிழில் தலித் இலக்கியத்தை யார் எழுதுவது, யார் யாருக்காகப் பேசுவது என்று சிறுபத்திரிகைகள் அடித்துக்கொண்டிருந்த அதே காலம். இரண்டும் ஒன்றென்று சொல்லவில்லை. சாதி கட்டிய சுவரும் உடலின் வித்தியாசமும் ஒன்றாகா. ஆனால் ‘எங்களைப் பற்றி எங்களை வைத்துக்கொண்டு பேசு’ என்ற குரல் ஒன்றுதான்.

2012இல் டேமியன் மில்டன் இதைக் கோட்பாடாக்கினார். தாமே ஆட்டிசம் உள்ளவர், ஆட்டிசம் உள்ள மகனின் தகப்பன், சமூகவியலாளர். அவர் வாதத்தை ‘இருதரப்புப் புரிதலின்மை’ எனலாம். ஆட்டிசம் உள்ளவர் மற்றவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறார் என்பது பாதி உண்மை. மற்றவர் ஆட்டிசம் உள்ளவரைப் புரிந்துகொள்ள அதே அளவு தடுமாறுகிறார். முதல் தடுமாற்றத்திற்கு நோய்ப்பெயர் உண்டு. இரண்டாவதற்குப் பெயரே இல்லை. பெயர் வைக்கிற உரிமை யாரிடம் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கோட்பாடு சரி, நடைமுறை என்ன சொல்கிறது? 2020இல் கேத்தரின் க்ராம்டன் குழுவினர் ஒரு செய்தியை எட்டு எட்டுப் பேர் கொண்ட சங்கிலிகளில் காதுக்குக் காது கடத்தச் செய்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த சங்கிலி, மற்றவர்களின் சங்கிலிக்கு இணையாகவே செய்தியைக் கொண்டுசேர்த்தது. கலந்த சங்கிலியில்தான் செய்தி அதிகம் உதிர்ந்தது. 2025இல் இன்னும் பெரிய எண்ணிக்கையில் இதைத் திரும்பச் செய்தபோது கலந்த சங்கிலியிலும் அந்த உதிர்வு தெரியவில்லை. ஆகவே கோட்பாட்டின் எல்லா வரியும் நிரூபணமாகிவிட்டது என்று கொடிபிடிக்க வேண்டாம். இரண்டு ஆய்விலும் நிலைத்தது ஒன்று: ஆட்டிசம் உள்ளவரால் செய்தியை ஒழுங்காகச் சொல்ல முடியாது என்ற பழைய நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இலக்கிய வாசகனைத் துணுக்குற வைக்கிற ஆய்வு 2017இல் நோவா சாஸன் குழுவினர் செய்தது. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசிய சிறு துணுக்குகளை, யார் எவர் என்று சொல்லாமல், மற்றவர்களிடம் காட்டி அபிப்பிராயம் கேட்டார்கள். சில நொடிகளிலேயே ஆட்டிசம் உள்ளவர்மேல் பிடிக்காத அபிப்பிராயம் விழுந்துவிட்டது. இவரோடு பேச, பக்கத்தில் குடியிருக்க விருப்பமில்லை என்றார்கள். பேச்சை மட்டும் எழுத்தாக்கி, உருவமும் குரலும் இல்லாமல் படிக்கக் கொடுத்தபோது அந்த வெறுப்பு மறைந்துவிட்டது. சொன்ன விஷயத்தில் கோளாறு இல்லை. குரலின் ஏற்ற இறக்கம், கண் போகிற திசை, கை அசைகிற விதம் இவைதான் தள்ளிவைத்தன. தீண்டாமை கருத்துகளுக்கு முன்பே உடலில் வேலை செய்கிறது என்பதை இந்தத் தேசத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

6

இங்கேதான் பயிற்சியின் எல்லையும் தெரிகிறது. சாஸன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2021இல் ஆட்டிசம் பற்றிய ஏற்புப் பயிற்சியைப் பரிசோதித்தார்கள். பயிற்சிக்குப் பின் மக்கள் வெளிப்படையாகச் சொல்கிற அபிப்பிராயங்கள் நன்றாக மேம்பட்டன. தவறான எண்ணங்கள் குறைந்தன. ஆனால் தம்மையறியாமல் ஆட்டிசத்தை வேண்டாத குணங்களோடு சேர்த்துப் பார்க்கிற உள்மனச் சாய்வு அசையவில்லை. வாய் கற்றுக்கொண்டது, உடல் கற்றுக்கொள்ளவில்லை எனலாம். ஒன்றரை மணிநேரப் பாடத்தையும் ஒரு பகல் வகுப்பையும் இந்த வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மருத்துவமனை நிர்வாகத்திற்கு அது எத்தனை சௌகரியம்! எல்லோரும் பயிற்சி பெற்றுவிட்டார்கள், பட்டியல் இதோ. நாளை ஒருவர் இறந்தால் பட்டியலைக் காட்டலாம். படுக்கைக்கு எத்தனை செவிலியர், அவர்களுக்கு எத்தனை மணிநேர வேலை, அவசரப் பிரிவில் அந்த டியூப்லைட்டையும் அந்த இரைச்சலையும் குறைக்கக் காசு உண்டா என்ற கேள்விகளைப் பயிற்சி என்ற சொல் அழகாக மூடிவிடும். அமைப்பின் வன்முறையைத் தனிமனிதரின் அறியாமையாக மொழிபெயர்ப்பது நிர்வாகத்தின் பழைய தந்திரம்.

அப்படியானால் பயிற்சி வேண்டாமா? அப்படிச் சொல்வது இன்னொரு சௌகரியம். இங்கிலாந்துத் திட்டத்தில் ஒரு விஷயத்தை நான் உண்மையான நகர்வாகப் பார்க்கிறேன். கற்றல் குறைபாடு உள்ள ஒருவர் முன்னால் நிற்கிறார், டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறார். பாடத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட அந்த இருக்கை மாற்றம் முக்கியம். உடல் கற்றுக்கொள்ள வேண்டியதை உடலைக் கொண்டுதான் கற்பிக்க முடியும். ஒருநாள் போதாதுதான். ஆனால் திசை அதுதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எதிர்முகாம் சொல்வதில்லை, பெற்றோர்கள் சொல்வது: ‘மேடையேறிப் பேசுகிற ஆட்டிசக்காரர் வேறு. என் மகள் பேசமாட்டாள். தலையைச் சுவரில் மோதுவாள். ராத்திரி தூங்கமாட்டாள். அவளுக்காக அவர் எப்படிப் பேச முடியும்?’ இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு எழுதப்படுகிற எந்த விடுதலைக் கோட்பாடும் வெற்றுச் சவடால். பிரதிநிதித்துவச் சிக்கல் எல்லா இயக்கத்திலும் உண்டு, இங்கேயும் உண்டு. ஆனால் இதிலிருந்து ‘ஆகவே நிபுணரே பேசட்டும்’ என்ற முடிவுக்குத் தாவ முடியாது. பேசாத பெண்ணும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். காதைப் பொத்துவது ஒரு வாக்கியம். தலையை மோதுவது சில சமயம் பல்வலி, சில சமயம் காதுவலி, சில சமயம் ‘போதும் நிறுத்து’. அதை ‘நடத்தைக் கோளாறு’ என்று தலைப்பிட்டுக் கோப்பில் போட்டால் வாக்கியம் செத்துவிடுகிறது. ஆலிவரின் பதற்றத்திற்கு நேர்ந்தது அதுதான். பயிற்சி என்பது அடிப்படையில் வாசிப்புப் பயிற்சி. ஒரு செயலுக்கு முன்னால் என்ன நடந்தது, உடம்பில் எங்கே வலி, அறையில் என்ன சத்தம் என்று கேட்கிற பழக்கம். படப்பலகையோ எழுத்துத் தட்டச்சோ, ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒரு கருவியைக் கைக்குத் தருவது. கொடுத்தபின் அந்த வேண்டாமுக்குக் கட்டுப்படுவது. இந்தக் கடைசி வேலைதான் கஷ்டம்.

அந்த மகளை ராத்திரியெல்லாம் பார்த்துக்கொள்கிற தாய்க்கும் நிபுணர்கள் பயிற்சி என்றுதான் சொல்கிறார்கள். அவளுக்கு முதலில் வேண்டியது பயிற்சியா, தூக்கமா? பெட்டல்ஹைம் அவளைக் குற்றம் சொன்னார், லோவாஸ் வேலை வாங்கினார், இன்றைய கையேடு ‘உங்கள் மன அழுத்தத்தை நிர்வகியுங்கள்’ என்று அறிவுரை சொல்கிறது. வாரத்தில் இரண்டு நாள் குழந்தையை நம்பி ஒப்படைக்க ஒரு இடம் இருந்தால் அழுத்தம் தானே பாதி குறையும். பராமரிப்பு உழைப்பு என்று பெண்ணியம் இவ்வளவு காலம் பேசியது ஆட்டிசம் பற்றிய வகுப்பறைக்குள் இன்னும் சரியாக நுழையவில்லை.

7

நம் ஊருக்கு வருவோம். முதலில் சொற்கள். ஆட்டிசத்திற்குத் தமிழில் மன இறுக்கம், மதியிறுக்கம் என்றெல்லாம் எழுதுகிறோம். மன இறுக்கம் என்பது ஆபீஸ் டென்ஷனுக்கும் பயன்படுகிற சொல். ‘மனசு விட்டுப் பேசினா சரியாயிடும்’ என்று அக்கம்பக்கத்தார் சொல்வதற்கு அந்தச் சொல்லே இடம் கொடுக்கிறது. அரசு அறிவிப்புகளில் வருகிற ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்ற அடைமொழி இன்னும் மோசம். கானருக்கு முன்பே, 1911வாக்கில், ஆய்கன் ப்ளாய்லர் மனச்சிதைவைப் பற்றிச் சொல்லும்போது ‘தன்’ என்ற பொருள்தரும் கிரேக்க வேரிலிருந்து உருவாக்கிய சொல்லின் நிழல் இது. தன்னுக்குள் மூடிக்கொண்டவர் என்ற பழைய படிமம். உண்மையில் பலருக்குச் சிக்கல் புறவுலகம் அதிகமாக உள்ளே வருவதுதான். மின்விசிறியின் கிறீச்சொலி, சட்டைக் காலரின் உரசல், கூட்டத்தின் வாசனை எதையும் வடிகட்ட முடியாமல் மொத்தமாக வந்து அடிக்கிறது. இந்தப் புலனுணர்வு வேறுபாட்டை 2013இல் அமெரிக்க உளநோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு நோயறிதல் குறிகளில் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது. புறவுலகால் திணறுகிறவருக்குப் புறவுலகச் சிந்தனையே இல்லை என்று முத்திரை குத்துகிறது நம் அரசுத் தமிழ். இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு ஆசிரியருக்கு எதைக் கற்பிப்பீர்கள்? நல்ல சொல் கிடைக்கும்வரை ஆட்டிசம் என்றே எழுதுவது மேல்.

சினிமாவையும் சொல்ல வேண்டும். 2013இல் வந்த ‘ஹரிதாஸ்’, ஆட்டிசம் உள்ள சிறுவனைப் பரிகாசப் பொருளாக்காமல் மையத்தில் வைத்த தமிழ்ப்படம். ஒரு தகப்பன் மகனோடு பழகக் கற்றுக்கொள்வதை அது காட்டியது, அந்தளவில் மரியாதைக்குரியது. ஆனால் கடைசியில் சிறுவன் ஓட்டப்பந்தயத்தில் சாதித்தாக வேண்டியிருக்கிறது. சாதிக்காத ஆட்டிசக் குழந்தைக்குக் கதையில் இடம் ஏது? 1988இன் ‘ரெயின் மேன்’ தொட்டு வருகிற வியாதி இது. பயன்படுவார், பயன்படமாட்டார் என்ற வியன்னாக் கோடு கைதட்டலுக்குள்ளும் ஓடுகிறது.

சட்டத்திற்கு வருவோம். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. கூடவே, வயதுவந்த பிறகும் சட்டபூர்வக் காப்பாளரை நியமிக்க வழி செய்தது. காப்பாளர் பேசுவார் என்பது அதன் இலக்கணம். 2016ஆம் ஆண்டுச் சட்டம், ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைகளைப் பட்டியலிட்டது. அதன் 47ஆம் பிரிவு, ஊராட்சி உறுப்பினர், சட்டமன்றத்தினர், போலீஸ், நீதிபதி, வழக்கறிஞர் ஆகியோரின் பயிற்சியில் மாற்றுத்திறனாளி உரிமையைக் கட்டாயமாக்கச் சொல்கிறது. ஆசிரியர், மருத்துவர், செவிலியர், அங்கன்வாடி ஊழியர், ஆஷா பணியாளர் ஆகியோரின் படிப்பில் சேர்க்கச் சொல்கிறது. குடும்பத்தினருக்கும் பராமரிப்பவர்களுக்கும் பயிற்சி என்கிறது. காகிதத்தில் இது இங்கிலாந்துச் சட்டத்தைவிட விரிவானது. அங்கே மருத்துவமும் பராமரிப்பும் மட்டும். இங்கே காவல்நிலையமும் நீதிமன்றமும் உண்டு. ஆனால் யார் கற்பிப்பது என்ற இடத்தில் நம் சட்டம் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தை யார் நிரப்புவார்கள்? வழக்கம்போல ஒரு டாக்டர், ஒரு அதிகாரி, ஒரு குத்துவிளக்கு.

ஆகவே இயக்கத் தோழர்கள் வலியுறுத்த வேண்டியவை என்று எனக்குப் படுவது: இந்த 47ஆம் பிரிவின்கீழ் நடக்கிற எந்த வகுப்பிலும் ஆட்டிசம் உள்ளவர் சம்பளம் பெறுகிற பயிற்றுநராக இருக்க வேண்டும், பேசாதவரானால் அவர் தட்டச்சோ படப்பலகையோ கொண்டு வரட்டும், வகுப்பு காத்திருக்கட்டும், காத்திருப்பதும் பாடம்தான். நோயாளி கொண்டுவருகிற குறிப்பேட்டையோ அவருடைய மறுப்பையோ மீறுகிற மருத்துவர், ஏன் மீறினேன் என்று அந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். வகுப்பு நடந்ததா என்பதைக் கணக்கெடுப்பதோடு, அதன்பின் வார்டில், வகுப்பறையில், காவல்நிலையத்தில் என்ன மாறியது என்று ஆட்டிசம் உள்ளவர்களிடமும் குடும்பத்தாரிடமும் கேட்டுப் பதிய வேண்டும். பராமரிப்பவருக்குப் பயிற்சி என்று ஒதுக்கப்படுகிற பணத்தோடு பராமரிப்பவருக்கு ஓய்வு என்ற இனமும் வரவுசெலவில் ஏற வேண்டும்.

இவற்றில் எதற்கும் மூளை விஞ்ஞானத்தில் புதுக் கண்டுபிடிப்பு தேவையில்லை. ஆலிவர் சொன்னதை ஒருவர் நம்பியிருந்தால் போதும், அதற்கு நரம்பியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நம்பாததற்கான தண்டனை ஒருவருக்கும் இல்லை, நம்பியிருந்தால் கிடைக்கிற பாராட்டும் இல்லை. அந்த அமைப்பு அப்படித்தான் கட்டப்பட்டிருந்தது. பயிற்சி வகுப்புகள் அந்தக் கட்டுமானத்தைத் தொடுகின்றனவா என்பதை வைத்துத்தான் அவை பழக்குகின்றனவா, பழகுகின்றனவா என்று தீர்மானிக்க முடியும்.